பவர் குறையுது, சூடாகுது, சார்ஜ் ஏறல: உப்புக்காற்று ஊரில் ஆர்சி பேட்டரி பேக்கைச் சரிசெய்வது

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் எங்கே ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) படகோ காரோ கிளைடரோ ஓட்டினாலும், பேட்டரி பேக் மக்கர் பண்ணியதும் வாயில் வருகிற முதல் சொல் "செல் போச்சு" என்பதுதான். பெரும்பாலும் செல் போயிருக்காது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கிற இணைப்புதான் போயிருக்கும்.

காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். பகலில் இணைப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகக் கிடப்பது, ராத்திரி ஈரம் ஏறியதும் மின்சாரம் கடத்தும் திரவமாகிறது. மதுரையில் ஐந்து வருடம் உழைக்கிற இணைப்பு இங்கே ஒரு வாடைக்காலத்தைத் தாண்டாமல் போவது இதனால்தான். ஆகவே செல்லைத் தூக்கி எறிவதற்கு முன் மீட்டரை எடுங்கள்.

இங்கே சொல்வது இரண்டு வகை பேக்குகளுக்குப் பொருந்தும். ஒன்று, சப்-சி அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஆறு சேர்ந்த 7.2 வோல்ட் பேக். இன்னொன்று, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் அயான் செல் மூன்று தொடராகச் சேர்ந்த 3எஸ் பேக். மெத்தென்ற பை வடிவ லைப்போவில் (லித்தியம் பாலிமர் பேக்கில்) கனெக்டரை மட்டும் மாற்றலாம். அதன் காதுகளில் (வெளியே நீட்டியிருக்கும் தகடுகளில்) ஒன்று அலுமினியம், சாதாரண ஈயம் (பற்றவைக்கும் சால்டர்) அதில் ஒட்டாது. சூடு நேரே உள்ளே போகும். அதில் கை வைக்க வேண்டாம்.

முதலில் அளக்க வேண்டியது

ஒரு மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்ப். அவ்வளவுதான். எச்4 பல்ப் ஆட்டோமொபைல் கடை எதிலும் கிடைக்கும், ஒரு இழை எரிந்துபோன பழைய பல்பே போதும். அதற்கு எக்ஸ்டி60 கனெக்டர் (பேக்கை மாட்டும் பிளக் வகை) ஒன்று வைத்துவிடுங்கள். 3எஸ் பேக்கில் இது சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும், 7.2 வோல்ட் பேக்கில் சுமார் 3.5. பல்பின் கண்ணாடி சுடும், ஓட்டின் மேலோ செங்கல்லின் மேலோ வையுங்கள்.

முதல் அளவு: சுமை இல்லாமல் ஒவ்வொரு செல்லின் வோல்ட். இரண்டாவது அளவு: பல்ப் எரியும்போது அதே வோல்ட். மூன்றாவதுதான் முக்கியம். பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கமும் முனை வைத்துப் பாருங்கள். ஒரு முனை செல்லின் உலோகத்தில், மறு முனை அதில் பற்றவைத்த பட்டையில். பிறகு பட்டைக்கும் ஒயருக்கும், ஒயருக்கும் கனெக்டர் பின்னுக்கும்.

நல்ல இணைப்பு 1 முதல் 5 மில்லிவோல்ட் வரை காட்டும். 10க்கு மேல் சந்தேகம். 20க்கு மேல் மறுபடி பற்றவைக்க வேண்டியதுதான். 20 மில்லிவோல்ட் அற்பமாகத் தோன்றலாம். 4.5 ஆம்பியரில் 20 மில்லிவோல்ட் என்றால் சுமார் 4.4 மில்லி ஓம். படகு 30 ஆம்பியர் இழுக்கும்போது அதே புள்ளியில் 0.13 வோல்ட் தொலைகிறது, 4 வாட் சூடு பிறக்கிறது. பட்டாணி அளவு ஈயத்தில் 4 வாட். அந்தச் சூடு இணைப்பை இன்னும் கெடுக்கும்.

மீட்டரின் சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்ட் அளந்துவிடாதீர்கள். அது நேரடி ஷார்ட்.

ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது

சால்டரிங் அயர்னைக் குறை சொல்வதற்கு முன் செல்லின் முகத்தைப் பாருங்கள். வியர்வைக் கை பட்ட இடத்தில் ஈயம் பிடிக்காது. வியர்வையிலும் உப்புதான். 320 நம்பர் உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, உடனே ஈயப்பூச்சு. "காலையில் தேய்த்து வைத்துவிட்டு சாயங்காலம் பற்றவைக்கலாம்" என்பது இந்த ஊரில் நடக்காது.

அடுத்தது அயர்ன். ரேடியோ ரிப்பேருக்கு வாங்கிய 25 வாட் பென்சில் அயர்ன் இதற்கு ஆகாது. மெல்லிய முனையின் சூட்டை செல்லின் தகடு உறிஞ்சிவிடும், ஈயம் உருகுவதற்காக இருபது வினாடி அழுத்திப் பிடிப்பீர்கள், அதற்குள் சூடு செல்லின் வயிற்றுக்குள் போய்விடும். குறைந்த வாட் பாதுகாப்பு என்று பலர் நினைப்பது தலைகீழ். 80 முதல் 100 வாட் அயர்ன், உளி போன்ற அகல முனை, 380 முதல் 400 டிகிரி. வைத்த மூன்று வினாடிக்குள் ஈயம் பரவ வேண்டும், ஐந்தைத் தாண்டினால் எடுத்துவிடுங்கள். செல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் அடுத்த முயற்சி.

ஈயம் 60/40 அல்லது 63/37 (வெள்ளீயம்/காரீயம் சதவீதம்), உள்ளே ரோசின் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ள ரகம். 63/37 சரியாக 183 டிகிரியில் உருகி அதே சூட்டில் உறையும். நடுவில் கூழ்நிலை கிடையாது, கை ஆடினாலும் இணைப்பு கெடுவது குறைவு. விலை சற்றுக் கூடினாலும் இதையே வாங்குங்கள்.

டப்பாவில் விற்கும் சால்டரிங் பேஸ்டில் கவனம் தேவை. துத்தநாகக் குளோரைடு கலந்த பேஸ்ட் எதிலும் ஈயத்தை ஒட்டவைக்கும், அதனால்தான் அதன் மேல் ஆசை வரும். ஆனால் மிச்சம் தங்கிய இடத்தில் உப்பைப் போலவே நீரை இழுத்து உலோகத்தை அரிக்கும். உப்புக்காற்றோடு அதுவும் சேர்ந்தால் பேக் மழைக்காலத்தைத் தாண்டாது. ரோசின் பேஸ்ட் மட்டும் போதும்.

ஒட்டுகிறது, ஆனால் இழுத்தால் பிய்கிறது

சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக உறைந்திருந்தால் அது குளிர்ந்த இணைப்பு. பாதிப் பேருக்கு இதற்குக் காரணம் ஃபேன். ஜன்னல் வழியே வரும் கடல்காற்றும் அதே வேலையைச் செய்யும். பற்றவைக்கும் ஐந்து நிமிடம் ஃபேனை நிறுத்துங்கள், புகை முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் உட்காருங்கள்.

செல்லிலும் ஒயரிலும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து அயர்னை ஒருமுறை மட்டும் வையுங்கள். ஈயம் இரண்டு பக்கமும் பளபளவென்று ஒன்றாக ஓடியதும் அயர்னை எடுங்கள். மூன்று வினாடி எதுவும் அசையக்கூடாது.

சப்-சி செல்களைப் பக்கத்தில் பக்கமாக அடுக்கும்போது நடுவில் பாலமாக வைக்க, ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னலே நல்லது. அது வளையும், தரையில் காரும் அலையில் படகும் குலுங்கும்போது இணைப்பு விடாது. கெட்டிச் செம்புக் கம்பி குலுக்கலில் செல்லின் முகத்தோடு பெயர்ந்து வரும்.

18650 செல்லில் நேரடியாக ஈயம் வைக்கக்கூடாது. பாசிட்டிவ் மூடிக்கு அடியில் ரப்பர் போன்ற அடைப்பும் அழுத்தம் ஏறினால் திறக்கும் பாதுகாப்பு வாயும் இருக்கின்றன. உள்ளே உள்ள பிரிப்புத் தாள் சுமார் 130 டிகிரியில் உருகத் தொடங்கும், உங்கள் அயர்ன் முனையோ 380. நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டரால் (கண நேரம் கரண்ட் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டும் கருவி) ஒட்டுங்கள். ஒயரைப் பட்டையின் நுனியில் பற்றவைத்துவிட்டு, அதன் பிறகு பட்டையைச் செல்லில் வெல்டு செய்வது இன்னும் பத்திரம். வெல்டு பிடித்ததா என்று பார்க்க வீணான செல் ஒன்றில் சோதியுங்கள்: கொறடால் பட்டையைப் பிய்த்தால் வெல்டு புள்ளிகள் செல்லிலேயே தங்கி, பட்டையில் துளை விழ வேண்டும். பட்டை முழுசாக உரிந்து வந்தால் வெல்டு பிடிக்கவில்லை, கரண்டைக் கூட்டுங்கள்.

த்ராட்டில் கொடுத்ததும் மோட்டார் தணிகிறது, விட்டால் மீண்டும் ஓடுகிறது

ஊருணியில் படகு விடுபவர்களிடம் அதிகம் வரும் கேள்வி இது. கரையில் மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட், தண்ணீரில் முழு வேகம் கொடுத்ததும் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கரண்டை வெட்டிவிடுகிறது. சுமை இல்லாமல் அளந்த வோல்ட் எதையும் சொல்லாது என்பதற்கு இதுவே சாட்சி.

பல்பைப் போட்டு இரண்டாவது அளவைப் பாருங்கள். அதிகக் கரண்டுக்குச் செய்த 18650, உதாரணமாகச் சாம்சங் 25ஆர் அல்லது மோலிசெல் பி26ஏ, 4.5 ஆம்பியரில் ஏறக்குறைய 0.1 வோல்ட் இறங்கும். 0.3 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் அந்தச் செல் லேப்டாப் ரகம் அல்லது கிழடு. பழைய லேப்டாப் பேட்டரியில் உருவிய செல்லின் உள் எதிர்ப்பு 70, 80 மில்லி ஓம் இருக்கலாம். 20 ஆம்பியர் இழுத்தால் 1.6 வோல்ட் உள்ளேயே தொலையும். 3.9ல் இருந்த செல் 2.3க்கு விழும், இஎஸ்சி வெட்டாமல் என்ன செய்யும்? டார்ச்சுக்கும் பவர் பேங்குக்கும் அந்தச் செல் அருமை. மோட்டாருக்கு வேண்டாம். 18650 அளவில் "9900 எம்ஏஎச்" என்று அச்சிட்டு விற்பதையும் வாங்காதீர்கள். கடைகளில் கிடைக்கும் நல்ல செல் 2500 முதல் 3500 எம்ஏஎச் வரைதான், எடை 45 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். மளிகைக் கடைத் தராசே பொய்யைக் காட்டிவிடும்.

எல்லாச் செல்லும் சமமாக, குறைவாக இறங்கி, ஆனால் கனெக்டரில் வோல்ட் காணாமல் போகிறது என்றால் மூன்றாவது அளவுக்கு வாருங்கள். அங்கேதான் கள்ளன் மாட்டுவான். வழக்கமான இடங்கள் மூன்று.

ஒன்று நிக்கல் பட்டை. 0.15 மில்லிமீட்டர் கனம், 8 மில்லிமீட்டர் அகலம் உள்ள சுத்த நிக்கல் பட்டை 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 6 மில்லி ஓம். 30 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒற்றைப் பட்டை போதாது: இரண்டு, மூன்று அடுக்கு வையுங்கள், அல்லது பட்டையின் மேல் செம்புப் பின்னலைப் பற்றவையுங்கள். பட்டை உண்மையில் நிக்கலா, நிக்கல் முலாம் பூசிய இரும்பா என்பதையும் பாருங்கள். இரும்பின் எதிர்ப்பு இன்னும் கூடுதல், துருவும் பிடிக்கும். சோதனைக்கு இங்கே காசு செலவில்லை. ஒரு துண்டை உப்புத்தாளால் கீறி, ஒரு டம்ளர் கடல்நீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் கீறலில் பழுப்புக் கோடு தெரிந்தால் இரும்பு.

இரண்டு கனெக்டர். எக்ஸ்டி60 பின்னில் ஒயர் வைக்கும்போது ஜோடிக் கனெக்டரை மாட்டிக்கொண்டே பற்றவைக்க வேண்டும். தனியாக வைத்துச் சூடாக்கினால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாயும், பிறகு ஒரு ஓரத்தில் மட்டும் தொடும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் தெறிக்கிற சிறு பொறி இஎஸ்சியின் கெப்பாசிட்டர் நிரம்புவதால் வருவது, பழுதல்ல. ஆனால் அது பின்னின் நுனியில் குழி விழச் செய்யும், குழியில் உப்பு தங்கும். நான்கு செல்லுக்கு மேல் போனால் பொறி தடுக்கும் எக்ஸ்டி90 வகைக்கு மாறுங்கள்.

மூன்று ஒயர். 30 ஆம்பியருக்கு 14 கேஜ், அதற்கு மேல் 12 கேஜ் சிலிக்கான் ஒயர். வீட்டு வயரிங் மிச்சத்தை வெட்டிப் போடாதீர்கள்.

இஎஸ்சியின் வெட்டு எல்லையையும் பாருங்கள். லைப்போவுக்கு என்று செல்லுக்கு 3.3 வோல்ட்டில் வைத்திருந்தால், லித்தியம் அயான் பேக்கில் பாதிச் சக்தி மிச்சம் இருக்கும்போதே வெட்டும். சுமையில் 3.0 வையுங்கள். நிக்கல் பேக்குக்கு நிக்கல் முறை, செல்லுக்கு 0.9 முதல் 1.0.

சார்ஜர் பிழை காட்டுகிறது, அல்லது ஒரு செல் மட்டும் எப்போதும் குறைவு

சார்ஜரை மாற்றாதீர்கள். பேலன்ஸ் பிளக்கின் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சார்ஜரோடு இணைக்கும் சிறு பிளக்) வாயைப் பாருங்கள். நான்கு பின்களில் பாசிட்டிவ் ஓரத்துப் பின் பச்சையாகவும், நெகட்டிவ் பின் சுத்தமாகவும் இருக்கும். பின்களுக்கு நடுவே உப்பு ஈரம் இருந்தால் அது ஒரு சின்ன மின்முலாம் தொட்டி. பாசிட்டிவ் பக்க உலோகம் கரைந்து போகும், களிம்பு அங்கேதான் பிடிக்கும். பிளக்கை மாற்றிவிடுங்கள், சுரண்டி வைப்பது ஒரு மாதம்கூட நிற்காது.

பேலன்ஸ் ஒயரை மாற்றும்போது ஒவ்வொன்றாக வெட்டி, பற்றவைத்து, மூடிய பிறகே அடுத்தது. நான்கையும் ஒன்றாகக் கட்டரில் வைத்தால் ஷார்ட். முடிந்ததும் சார்ஜரில் மாட்டுவதற்கு முன், கறுப்புப் பின்னிலிருந்து ஒவ்வொரு பின்னாக அளங்கள். முழு சார்ஜில் 4.2, 8.4, 12.6 என்று படி படியாக ஏற வேண்டும். வரிசை மாறியிருந்தால் சார்ஜரின் பேலன்ஸ் பகுதி கருகிவிடும்.

பிளக் சுத்தம், வரிசை சரி, ஆனாலும் ஒரு செல் இறங்குகிறதா? முழு சார்ஜ் செய்து, அலாரம் உட்பட எல்லாவற்றையும் கழற்றி, ஒரு வாரம் வையுங்கள். சிறிய வோல்ட் அலாரத்தை மாட்டியே விட்டுவிடுவது செல்கள் சமமில்லாமல் இறங்குவதற்குப் பெரிய காரணம். வாரம் கழித்து ஒரு செல் மற்றவற்றைவிட 0.05 வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் இப்போது சொல்லலாம், செல் போச்சு என்று. 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த லித்தியம் செல்லை எழுப்ப முயலாதீர்கள். உள்ளே செம்பு கரைந்து மறுபடி படிந்து ஷார்ட் ஆகும்.

செல்களை இணையாகச் சேர்ப்பதற்கு முன் வோல்ட் வித்தியாசம் 0.05க்குள் இருக்க வேண்டும். 0.3 வித்தியாசத்தோடு நல்ல செல் இரண்டைச் சேர்த்தால் 7 ஆம்பியருக்கு மேல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும்.

நிக்கல் பேக் பத்து நிமிடத்தில் "நிறைந்தது" என்கிறது, அல்லது நிறையாமல் கொதிக்கிறது

இரண்டுக்கும் ஒரே வேர். நிக்கல் செல் நிறைந்ததும் அதன் வோல்ட் செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் சறுக்கும். சார்ஜர் தேடுவது அந்தச் சறுக்கலைத்தான். ஆறு செல்லுக்கு மொத்தம் 18 முதல் 30 மில்லிவோல்ட். களிம்பு பிடித்த இணைப்பு ஒன்று ஆடினால் அதே அளவு குதிக்கும், சார்ஜர் ஏமாந்து நிறுத்திவிடும். மூன்றாவது அளவை எடுத்துக் கெட்ட இணைப்பைச் சரிசெய்யுங்கள்.

நிறுத்தாமல் கொதிப்பது கரண்ட் குறைவாக வைத்ததால். 3000 எம்ஏஎச் பேக்குக்கு 1.5 முதல் 3 ஆம்பியர். அதைவிடக் குறைந்தால் சறுக்கல் மங்கிவிடும், சார்ஜருக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் ஓட்டி முடித்த சூட்டோடு மாட்டினாலும் இதே கதி. பேக் கைக்குக் குளிர்ந்த பிறகு, வீட்டு நிழலில் சார்ஜ் போடுங்கள். லித்தியத்துக்கு 45 டிகிரி மேல்வரம்பு, மூடிய காரின் டிக்கி அதை எளிதில் தாண்டும்.

ஒயர் உள்ளே கருப்பு, வெள்ளைப் பொடி, பச்சைக் களிம்பு

மூன்றும் வேறு வேறு. நிக்கல் செல்லின் ஓரத்தில் வெள்ளைப் பொடி என்றால் உள்ளிருக்கும் காரம் கசிந்திருக்கிறது. வினிகர் நனைத்த பஞ்சால் துடையுங்கள், மறுபடி வந்தால் செல்லை மாற்றுங்கள். அந்தக் காரம் நெகட்டிவ் ஒயருக்குள் ஊர்ந்து செம்பைக் கருக்கும். கருத்த செம்பில் ஈயம் ஒட்டாது. மின்னும் செம்பு வரும் வரை வெட்டுங்கள், வராவிட்டால் முழு ஒயரையும் மாற்றுங்கள்.

பச்சை என்றால் கடல். கழுவ வேண்டியிருந்தால் போர்த் தண்ணீரைத் தொடாதீர்கள், இந்தக் கரையில் பல இடங்களில் அதுவே உப்பு. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். அதில் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, காயவைத்துப் பற்றவையுங்கள்.

புதிதாகக் கட்டிய 18650 பேக்கில் பாசிட்டிவ் முனையில் புகை

செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ். அந்தத் தகடு பாசிட்டிவ் மூடியின் விளிம்பு வரை மடிந்து ஏறியிருக்கும். நடுவில் இருப்பது மெல்லிய உறை மட்டும். பட்டை அந்த விளிம்பில் உரசினால் ஷார்ட். ஒவ்வொரு பாசிட்டிவ் முனையிலும் இன்சுலேஷன் காகித வளையம் ஒட்டாமல் பட்டை வைக்கவே கூடாது. இதில் சமரசம் இல்லை.

பேக் கடலில் விழுந்தது, அல்லது உப்பியிருக்கிறது

லித்தியம் என்றால் மாடலிலிருந்து எடுத்து, வீட்டுக்கு வெளியே, எரியாத இடத்தில் வையுங்கள். அரிசியில் புதைப்பது பயனற்றது. சார்ஜ் போடாதீர்கள். உப்பு உள்ளே போன பேக் மணிக்கணக்கில் கழித்தும் பற்றும். மறுபடி பயன்படுத்தாமல் மின்கழிவு சேகரிப்பிடத்தில் கொடுத்துவிடுங்கள். தீப்பிடித்தால் புகையிலிருந்து விலகி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வியுங்கள். மணல் பரவாமல் தடுக்குமே தவிர சூட்டைத் தணிக்காது.

நிக்கல் பேக் பிழைக்கும். உறையைக் கிழித்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, இரண்டு நாள் காயவைத்து, மூன்று அளவையும் எடுத்துப் பாருங்கள்.

மூடும்போது

சரிசெய்த இணைப்பின் மேல் அக்ரிலிக் லாக்கர் ஒரு பூச்சு. சிலிக்கான் பேஸ்ட் வைப்பதானால் காயும்போது புளிப்பு வாடை அடிக்கும் ரகம் வேண்டாம், அது விடும் அசிட்டிக் அமிலம் செம்பைத் தின்னும். "நியூட்ரல் க்யூர்" என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். லித்தியம் செல்லின் பாசிட்டிவ் முனையை முழுக்கப் பூசி அடைத்துவிடாதீர்கள், பாதுகாப்பு வாய் திறக்க வழி வேண்டும். கனெக்டர் பின்களில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிய தடவல்.

ஓட்டிவிட்டு வந்ததும் லித்தியத்தைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, இறுக்க மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கிளைடர் விடுபவர்கள் பறக்கவிடுவதற்கு முன்பே டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை (எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசு இணைய வரைபடம்) பார்த்துவிட வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது, அரியமான் கடற்கரை அதற்குப் பக்கம்தான்.

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பல்பைப் போட்டு மில்லிவோல்ட் எடுத்து, பேக்கின் மேலேயே மார்க்கரில் தேதியோடு எழுதிவிடுங்கள். போன முறை 3 காட்டிய இணைப்பு இந்த முறை 9 காட்டினால், அதை இந்த வாரமே பிரித்துப் பற்றவையுங்கள்.